கூடுதல் நாட்கள் கொடுத்தும் கட்டட வேலை ஏன் தாமதமாகிறது?

ஏற்காட்டில் பன்னிரண்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்துவரும் இளம் பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒவ்வொரு வேலைக்கும் தேவைக்கு மேல் சில நாட்கள் சேர்த்தே ஒன்பது மாதத்துக்கு அட்டவணை போட்டேன், இப்போது பதினான்காவது மாதம் நடக்கிறது, டைல்ஸ், பெயிண்ட், குளியலறைச் சாமான்கள் எல்லாம் பாக்கி இருக்கின்றன, மழையாலும் பொருள் வராததாலும் போன நாட்களைக் கூட்டினால் ஆறு வாரம்கூடத் தேறவில்லை, மீதி நாட்கள் எங்கே போயின, நம் ஆட்களுக்குப் பொறுப்பு இல்லையா, இல்லை என் அட்டவணைதான் தவறா என்று. கேள்வி இரண்டாகப் பிரிந்து நின்றாலும் அவர் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சிமெண்ட்டும் கம்பியும் மழையும் அட்டவணையில் ஏறுவதுபோல மனிதர்கள் நடந்துகொள்ளும் விதமும் ஏறுமா, ஏறுமானால் எப்படி ஏற்றுவது? என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த கூடுதல் நாட்கள் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தன. ஆட்களிடம் நீங்கள் தேதி கேட்ட விதமும், அவர்களுக்கு நீங்கள் தேதி சொன்ன விதமும் சேர்ந்து அந்த நாட்களைக் கரைத்துவிட்டன. ஆட்களின் குணம் இதில் மிகச் சிறிய பங்குதான்.

நான் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக என் அனுபவத்தின் எல்லையையும் சொல்கிறேன். சேலத்தை மையமாக வைத்து இருபத்தாறு ஆண்டுகளாக வீடுகள், பள்ளிக் கட்டடங்கள், ஜவ்வரிசி ஆலைகளுக்கான கொட்டகைகள், மலையில் சில விடுதிகள் என்று வேலை பார்த்திருக்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் சைட்டில் நின்றேன், அதன்பின் அட்டவணை போடுவதும் அதைப் பின்தொடர்வதுமே என் தொழில். மென்பொருள் நிறுவனங்களிலோ பெரிய அணை, சுரங்கப் பாதை வேலைகளிலோ இருந்ததில்லை. உளவியல் படித்தவனும் அல்ல. அந்தத் துறையினர் கண்டதை என் வேலைக்கு வேண்டிய அளவுக்குப் படித்து வைத்திருக்கிறேன்.

முதலில் 'நம் ஆட்கள்' என்ற எண்ணத்தை நகர்த்தி வைத்துவிடுவோம், ஏனென்றால் அது இருக்கும்வரை மற்றது எதுவும் கண்ணில் படாது. 1979ல் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள், மனிதர்கள் தங்கள் வேலை முடியும் காலத்தை வழக்கமாகவே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றும், முன்பு செய்த வேலைகள் தாமதமானது நினைவில் இருந்தும் அப்படிச் செய்கிறார்கள் என்றும் எழுதினார்கள். 1994ல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன நாளும் போதவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆப்பரா ஹவுஸ் 1963ல் முடியும் என்று தொடங்கப்பட்டு 1973ல் திறக்கப்பட்டது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டது 10 கோடியே 20 லட்சத்தில் போய் நின்றது. ஆகவே இது சேலத்து மேஸ்திரிகளின் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தப் பிழை எப்படி நேர்கிறது என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம். வேலை முடியும் நாளைக் கேட்டதும் நம் மனம் அந்த வேலையைக் கதைபோல ஓட்டிப் பார்க்கிறது: கல் வரும், சுவர் எழும், பூச்சு நடக்கும், முடியும். அந்தக் கதையில் மேஸ்திரியின் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போவதில்லை, லாரி கொண்டை ஊசி வளைவில் பழுதாகி நிற்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடக்க வாய்ப்பு குறைவானதுதான். ஆனால் இப்படிப்பட்டவை நூறு இருக்கும்போது அவற்றில் சிலவாவது நடந்தே தீரும். இதற்கு மருந்து, வேலையை உள்ளிருந்து கற்பனை செய்வதை நிறுத்திவிட்டு, இதே மாதிரி வேலைகள் முன்பு எத்தனை நாள் பிடித்தன என்று வெளியிலிருந்து பார்ப்பது. என்னிடம் 2004 முதல் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு வேலைக்கும் சொன்ன நாள் ஒரு பக்கம், ஆன நாள் மறுபக்கம். மலையில் ஒரு தளத்துக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடிக்க எத்தனை நாள் என்று இப்போது யார் கேட்டாலும் மனதில் தோன்றுவதைச் சொல்லாமல் அந்த நோட்டைப் புரட்டித்தான் சொல்கிறேன். உங்கள் வயதிலேயே தொடங்கினால் பத்து ஆண்டுகளில் எந்த மென்பொருளும் தராத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

பெரிய திட்டங்களில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. பெண்ட் ஃப்ளூபியர் என்ற டேனிஷ் ஆய்வாளர் தம் குழுவினருடன் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்து, பத்தில் ஒன்பதில் செலவு குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது என்று 2002ல் எழுதினார். அது செலவைப் பற்றிய ஆய்வு, நாட்களைப் பற்றியது அல்ல. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நமக்கும் பொருந்தும்: இத்தனை பேர் ஒரே பக்கமாகத் தவறினால் அது அப்பாவித்தனமான பிழையா, திட்டம் கைக்கு வர வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே குறைத்துச் சொன்னதா? தெரிந்தே சொன்னதுதான் பெரும்பங்கு என்பது அவர் பக்கம். நம்பிக்கை மிகுதியே போதும், பொய் தேவையில்லை என்பவர்களும் இருக்கிறார்கள், இந்த வாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் ஒன்பது மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் யார் வாயிலிருந்து முதலில் வந்தது? உரிமையாளர் ஒன்பது மாதம் என்று கேட்டு, ஒப்பந்தக்காரர் தலையசைத்து, அதன்பின் நீங்கள் பின்னிருந்து முன்னாக நாட்களைப் பங்கிட்டிருந்தால், அது அட்டவணை ஆகாது. ஆசைக்குக் கட்டம் போட்டு வரைந்ததுதான்.

ஆனால் நீங்கள் நாட்களைக் கூட்டித்தான் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள், அதை நான் நம்புகிறேன். அப்படியானால் குறைத்து மதிப்பிட்டது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கொடுத்தது எங்கே போனது என்று பார்க்க வேண்டும். கிடைக்கும் காலம் முழுவதையும் நிரப்பும் வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று 1955ல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் அரசு அலுவலகங்களைப் பார்த்து எழுதினார். பரீட்சைக்கு முதல் நாள் இரவு படிக்கும் மாணவனைப்போல, கூடுதல் நாள் இருப்பது தெரிந்தால் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டு, அந்தக் கூடுதலை முன்னாலேயே செலவழித்துவிடுகிறோம் என்று இஸ்ரேலியரான எலியாஹு கோல்ட்ராட் 1997ல் எழுதினார். இரண்டும் ஆய்வுக்கூடத்தில் அளந்து நிறுவிய விதிகள் அல்ல, கூர்ந்து பார்த்தவர்களின் கவனிப்புகள். எல்லா இடத்திலும் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. தினக்கூலிக்கு வரும் ஆளும், மொத்தமாகப் பேசி எடுத்த ஆளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மொத்த வேலைக்காரர் முடிந்தவரை சீக்கிரம் முடித்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: சீக்கிரம் முடிந்த வேலை சீக்கிரம் முடிந்ததாக நம் காதுக்கு வருவதில்லை. ஒரு பெயிண்டர் எட்டு நாள் கொடுத்த வேலையை ஆறாம் நாளே முடித்துவிட்டு, இரண்டு நாள் பட்டித் தாளால் அங்கங்கே தேய்த்துக்கொண்டிருந்தார். பழகியவர் என்பதால் கேட்டேன். "ஆறு நாளுன்னு சொன்னா அடுத்த வீட்டுக்கு ஆறு நாளுதான் குடுப்பீங்க சார்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, நான் அப்படித்தான் செய்திருப்பேன். அப்படியே அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும், அடுத்து வர வேண்டிய மரவேலைக்காரர் இரண்டு நாள் முன்னதாக வரத் தயாராக இருக்கமாட்டார். தாமதம் அடுத்த வேலைக்கு அப்படியே கைமாறும், மிச்சம் கைமாறாது. ஓட்டைக் குடத்தில் மேலே எவ்வளவு ஊற்றினாலும் இதே கதைதான். இதோடு சந்திப்புகளின் கணக்கையும் சேருங்கள். ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போடுமுன் கம்பி, மின்குழாய், பிளம்பர் விட வேண்டிய குழாய்த் துளைகள் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் பத்துக்கு எட்டு முறை சொன்ன நாளில் முடிப்பவர் என்றாலும், மூவருமே சொன்ன நாளில் முடித்திருக்க வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது நூற்றுக்கு 51 தான். நல்ல ஆட்களை வைத்துக்கொண்டும் பாதி தளங்கள் ஏன் தள்ளிப்போகின்றன என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி என்று குறித்திருந்தோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி எம்-சாண்டும் ஜல்லியும் கலவை மெஷினும் மேலே வந்து சேர்ந்துவிட்டன. பதினெட்டு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. வியாழன் மாலை நான்கரை மணிக்கு ஏணியில் ஏறிப் பார்த்தேன். கம்பி கட்டி, அதற்கு அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகள் வைத்து, கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. மின்குழாய் மட்டும் ஓர் அடிகூட ஓடவில்லை; ஃபேன் பாக்ஸ் ஐந்தும் சாக்குப் பையில் கட்டியபடியே மூலையில் கிடந்தன. எலக்ட்ரீஷியனை அழைத்தேன், அவர் கோபப்படாமல் சொன்னார்: "போன தளத்துக்குச் செவ்வாய்க்கிழமைன்னு சொன்னீங்க, வந்து பாத்தா பலகையே அடிச்சு முடிக்கல. அதுக்கு முந்தின தடவையும் அதேதான். மலைக்கு ஒரு தடவ ஏறி எறங்குனா எனக்கு ஒரு நாள் சம்பளம் போயிடுது சார். அதான் நீங்க வெள்ளின்னா நான் திங்கள்னு எடுத்துக்கிட்டேன்."

அவர் பொறுப்பில்லாதவர் என்று அன்று மாலை எல்லாரும் பேசினார்கள், நானும் பேசினேன். இரவு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. இரண்டு நாள் முன்னதாகவே தேதி சொன்னால்தான் ஆட்கள் சரியான நாளில் வருவார்கள் என்பது எங்கள் சைட்டில் எல்லாரும் கடைப்பிடித்த வழக்கம், அதற்கு ஒப்புதல் கொடுத்தவனும் நான்தான். நாங்கள் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னோம், அவர் மூன்று நாள் தள்ளி எடுத்துக்கொண்டார். எங்கள் தேதிகளை அனுபவத்தில் அளந்து, அதற்கேற்ப ஒழுங்காகத்தான் அவர் நடந்திருக்கிறார். தளம் செவ்வாய்க்கிழமை போட்டோம். அதன்பின் எந்தச் சைட்டிலும் பொய்த் தேதி சொல்ல நான் அனுமதித்ததில்லை. அடுத்தவர் வேலை தொடங்கும் நிலைக்கு இடம் வந்ததும் அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, அதன்பின்தான் நாள் குறிப்போம். பழைய நம்பிக்கை திரும்ப ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

தேதி கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. மேஸ்திரியைச் சுற்றி நான்கு பேர் நிற்க, உரிமையாளரும் உடன் இருக்க, "புதன்கிழமைக்குள் முடிஞ்சிடும் இல்ல?" என்று கேட்டால், அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "ஆயிடும் சார்" என்பார். அது மரியாதைக்குச் சொன்ன பதில். எதிரே நிற்பவரின் முகம் வாடாமல் இருக்கச் சொல்லப்படுவது. கெட்ட செய்தியை நேரில் சொல்ல மனிதர்கள் தயங்குவதை ரோசன், டெஸ்ஸர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1970லேயே பரிசோதித்துக் காட்டினார்கள். செய்திக்குத் தாம் காரணம் இல்லாதபோதும் தயங்குகிறார்கள். சம்பளம் கொடுப்பவரிடம், வயதில் மூத்தவரிடம், 'ஆகாது' என்ற சொல்லை வீட்டிலேயே சொல்லிப் பழகாத நம்மிடையே இந்தத் தயக்கம் கூடுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே. ஆனால் கேள்வியை மாற்றினால் பதில் மாறுவதை நூற்றுக்கணக்கான முறை பார்த்துவிட்டேன். தனியாக அழைத்து, "இது புதன்கிழமை முடியணும்னா என்னென்ன கைக்கு வரணும்?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்: ஒரு ஆள் குறைகிறார், சாரக் கம்பு பக்கத்துச் சைட்டில் இருக்கிறது, போன வாரப் பணமே இன்னும் வரவில்லை.

பணம் என்று வந்துவிட்டதால் டைல்ஸ் வேலையைச் சொல்கிறேன், உங்களுக்கு இப்போது அதுதான் தலைவலி. ஒரு டைல்ஸ்காரர் மூன்று இடங்களில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், ஒவ்வொன்றும் பத்து நாள் வேலை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் வீடு 10ஆம் நாளும், இரண்டாவது 20ஆம் நாளும், மூன்றாவது 30ஆம் நாளும் முடியும். மூவரையும் சமாதானப்படுத்த ஒரு நாளுக்கு ஓரிடம் என்று சுற்றி வந்தால் 28, 29, 30. மூன்றாமவருக்கு ஒரு நாள்கூட லாபமில்லை, மற்ற இருவருக்கும் பெரும் நஷ்டம். இது இடம் மாறுவதில் போகும் நேரத்தைச் சேர்க்காத கணக்கு. மலைக்கு ஏறி இறங்குவதிலும், கட்டர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைவதிலும், விட்ட இடத்தில் மட்டம் பிடிப்பதிலும் போவது தனி. இது தெரியாமல் அவர் சுற்றவில்லை. ஒரே இடத்தில் நின்றால், வேலை முடிந்தபின் பாக்கிப் பணம் எப்போது வரும் என்று தெரியாது. மூன்று இடத்தில் கால் வைத்திருந்தால் சனிக்கிழமை ஓரிடத்திலாவது கிடைக்கும். அவர் மூன்று இடத்தில் வேலை பார்ப்பது, நாம் ஓரிடத்திலும் ஒழுங்காகப் பணம் கொடுக்காததன் விளைவு. அறை ஒன்று முடிந்த அன்றே அந்த அறைக்கான பணம் என்று பேசி, அதைத் தவறாமல் கொடுத்த சைட்டுகளில் ஆட்கள் காணாமல் போவது மிகவும் குறைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்பதிலும் ஏமாந்துவிடாதீர்கள். தொண்ணூறு சதவீதம் என்று சொல்லப்படும் வேலை அப்படியே ஆறு வாரம் தொண்ணூறிலேயே நிற்கும். யாரும் பொய் சொல்வதில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது முடிந்துவிட்டது, பிடிவாதமான சில்லறை வேலைகள் பாக்கி இருக்கின்றன. நான் சதவீதம் கேட்பதை விட்டுவிட்டேன். பூட்டிச் சாவியைக் கொடுக்கக்கூடிய அறைகள் எத்தனை என்று மட்டும் கேட்பேன்.

இனி அட்டவணைக்கு வருவோம். ஒவ்வொரு வேலையிலும் ஒளித்து வைத்த கூடுதல் நாட்களை வெளியே எடுத்து, கடைசியில் ஒரே இருப்பாக வைக்க வேண்டும் என்பது கோல்ட்ராட்டின் யோசனை. ஒன்பது வேலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் கூடுதல், மொத்தம் 18 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையின் ஏற்றத்தாழ்வு மற்றொன்றைச் சாராதது என்றால், எல்லாம் ஒன்றாகத் தவறாது, சில முந்தும் சில பிந்தும். புள்ளியியல் கணக்குப்படி ஒவ்வொன்றின் 2 நாளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9 × 4 = 36, அதன் வர்க்கமூலமான 6 நாள் பொதுவில் இருந்தாலே ஏறக்குறைய அதே பாதுகாப்பு கிடைத்துவிடும். நடைமுறையில் வேலைகள் ஒன்றையொன்று சாராமல் இருப்பதில்லை; மழை வந்தால் எல்லாமே நிற்கும், பணம் நின்றாலும் அப்படியே. ஆகவே நான் 6 வைப்பதில்லை, பாதியான 9 வைப்பேன். இந்த முறை கட்டாயம் பலன் தரும் என்று சொல்பவர்கள் பலர் அதைக் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள்; வெற்றிக் கதைகள் நிறைய, நடுநிலையாக ஒப்பிட்டுப் பார்த்தவை அவ்வளவு இல்லை. என் கையில் அது பலன் தந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஆளிடமிருந்து கூடுதல் நாட்களை எடுத்துக்கொண்டபின், அவர் இரண்டு நாள் பிந்தினால் திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த முறை கேட்கும்போதே இரண்டு நாளைச் சேர்த்துத்தான் சொல்வார், நீங்கள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவது எந்த மென்பொருளையும்விட எனக்கு உதவியிருக்கிறது. அமெரிக்காவில் கிளென் பாலார்ட், கிரெக் ஹோவெல் என்ற இரு பொறியாளர்கள் 1990களில் கட்டுமானத் தளங்களில் ஓர் எளிய கணக்கெடுத்தார்கள்: இந்த வாரம் முடிப்பதாகச் சொன்ன வேலைகளில் எத்தனை முடிந்தன? பாதியைச் சற்றே தாண்டியது. அவர்கள் சொன்ன வழி, வேலையைச் செய்யப்போகிறவரே வாக்குக் கொடுக்க வேண்டும், தடை நீங்காத வேலைக்கு வாக்குக் கேட்கவே கூடாது, முடியாமல் போனால் யார் தவறு என்று தேடாமல் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது. நான் இதைச் சம்பள நாளான சனிக்கிழமை மாலையில் வைத்துக்கொள்கிறேன், எல்லாரும் அன்று இருப்பார்கள் என்பதால். பணம் கொடுத்தபின் பேச வேண்டும், கொடுப்பதற்கு முன் பேசினால் மறுபடியும் "ஆயிடும் சார்" தான்.

நம் ஊரின் நாட்காட்டியையும் நடத்தைக் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஆடியில் புது வேலை தொடங்க உரிமையாளர்கள் மறுப்பார்கள், கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களில் சேலத்திலிருந்து ஆள் வராது, தீபாவளியும் சட் பூஜையும் சேர்ந்தாற்போல் வரும் வாரங்களில் பீகார் ஆட்கள் ஊருக்குப் போவார்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் சித்தாள் கிடைப்பது கடினம். இவற்றைத் தாமதம் என்று எழுதுவது நேர்மையல்ல. ஆண்டுதோறும் வருவதை அட்டவணையிலேயே விடுமுறையாகப் போட்டுவிட வேண்டும். மலையைத் தெரியாதவர்கள் போடும் அட்டவணையில் ஜனவரியும் ஜூனும் ஒன்றுபோல இருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அதைப்போன்றது மட்டும்தான் உண்மையான எதிர்பாராதது. அதிலும் ஒன்றைக் கவனித்தேன். அதன்பின் பல மாதங்களுக்கு, நவம்பரிலேயே பிந்தியிருந்த வேலைகளுக்கும் புயல்தான் காரணம் என்று பதிவேடுகளில் ஏறியது. பெரிய காரணம் ஒன்று கிடைத்தால் சிறிய காரணங்கள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். உங்கள் ஆறு வாரக் கணக்கையும் அப்படி ஒருமுறை சலித்துப் பாருங்கள்.

அவசரத்தில் நீங்கள் செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, ஆட்களைக் குவிப்பது. தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று 1975ல் ஃபிரெட் புரூக்ஸ் எழுதினார். கட்டட வேலைக்கு அது முழுதும் பொருந்தாது. பன்னிரண்டு அறைகளில் பெயிண்ட் அடிப்பதைப் பங்கிடலாம், மின் இணைப்பைச் சோதிப்பதை அப்படிப் பங்கிட முடியாது, ஒரு குளியலறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமே இல்லை. மற்றொன்று, இயற்கைக்கு உரிய நாட்களில் கை வைப்பது. தாங்கும் சுவர்களுக்கோ உத்திரங்களுக்கோ இடையே நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு முட்டுகளைக் குறைந்தது 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள் வைத்திருக்க வேண்டும், சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும் கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாளும் நீராற்ற வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்கிறது. மனிதர்கள் வீணாக்கிய நாட்களைக் கான்கிரீட்டிடமிருந்து பறிக்க நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் யார் வற்புறுத்தினாலும் செய்யாதீர்கள். தாமதத்துக்கு அபராதம் விதித்தால் வேலை விரைவாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய நிறுவனங்களிடம் அது ஒருவேளை வேலை செய்யலாம். நம் மேஸ்திரிகளிடம் அபராதம் பேசிய இரண்டு இடங்களிலும் அவர்கள் கடைசி வேலைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், வேறு ஆளைத் தேடுவதில் இன்னும் நாள் போனது. இரண்டே இடங்களை வைத்து முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் நான் மறுபடி செய்யவில்லை.

உங்கள் விடுதியில், மே மாதக் கோடை விழாவுக்கு முன் திறக்க வேண்டும் என்று உரிமையாளர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு அறைகளையும் ஒரே நேரத்தில் பாதி பாதியாக வைத்திருக்காமல், மேல்தளத்தின் ஆறு அறைகளை முதலில் முழுதாக முடிக்கும்படி வரிசையை மாற்றுங்கள். விழாவுக்கு ஆறு அறைகள் திறந்தாலும் அவருக்கு வருமானம் உண்டு, பன்னிரண்டு அறைகள் தொண்ணூறு சதவீதத்தில் நின்றால் ஒன்றுமில்லை. அவரிடம் ஒரே தேதியைச் சொல்லுங்கள், இருப்பு நாட்கள் எத்தனை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், வாரந்தோறும் அதில் எத்தனை செலவானது என்று காட்டுங்கள். டைல்ஸ்காரரிடம் அறைக்கு அறை பணம் என்று பேசுங்கள். வருகிற சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் மேஸ்திரியைத் தனியாக உட்காரவைத்து, திங்கட்கிழமை எந்த அறையில் எத்தனை ஆள் என்று கேளுங்கள். "ஆயிடும் சார்" என்றால், எது இருந்தால் ஆகும் என்று மறுபடி கேட்டுவிட்டு, அவர் யோசிக்கும்வரை பேசாமல் இருங்கள். ஏழாம் அறைக் குளியலறையில் கசிவு இருக்கிறதா என்று இன்னும் தண்ணீர் கட்டிப் பார்க்கவில்லை என்றோ, டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் வந்து சேரவில்லை என்றோ சொல்வார். அதை அங்கேயே நோட்டில் எழுதி, யார் எந்த நாளுக்குள் செய்வது என்று அவர் முன்னாலேயே பெயர் போட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் இரண்டு மூன்று இடத்தில் வரும்.